டாக்டர் கையில கிரீஸ் இருந்தா என்ன குத்தம்?

1/
போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் போட்டிருந்தேன். பழைய ஹெரால்ட் காருக்கு அடியில நான் படுத்திருக்கேன், ரெண்டு காலும் லுங்கி நுனியும் மட்டும் வெளிய தெரியுது. சும்மா சிரிக்கத்தான் போட்டேன். அதுக்கு வந்த பின்னூட்டத்துல மூணு ரகம். மூணுக்கும் பதில் சொல்லியே ஆகணும். நீளமான திரெட். டீ எடுத்துட்டு வாங்க.

2/
முதல் ரகம்: "டாக்டருக்கு இதெல்லாம் தேவையா? ஸ்டேட்டஸ் என்ன ஆகும்?"
ரெண்டாவது: "ஒரு மெக்கானிக் வயித்துல அடிக்கிறீங்களே, உங்களுக்கு 500 ரூபாய் இல்லையா?"
மூணாவது: "யூடியூப் பார்த்து மருந்து சாப்பிட்டா எங்களைத் திட்டுறீங்க. நீங்க மட்டும் யூடியூப் பார்த்து கார் ரிப்பேர் பண்ணலாமா?"
மூணாவது கேள்விதான் என்னைத் தூங்க விடல. அதைக் கடைசியா வச்சுக்கிறேன்.

3/
முதல்ல கார் எது என்று சொல்லிடுறேன். ட்ரையம்ஃப் ஹெரால்ட், 948 சிசி, மேல் கூரை துணி, மடக்கிப் பின்னால வச்சுக்கலாம். 60களில் இங்கிலாந்தில இருந்து கப்பலில் வந்தது. குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல கிடந்து, கைமாறி, கோழி முட்டையிடுற கூடா இருந்து, கடைசியில என் வீட்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது.

4/
"இது ஸ்போர்ட்ஸ் காரா?" என்று சிரிக்கிறவங்களுக்கு: 1962-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்கிற அசல் ஸ்போர்ட்ஸ் கார் இதே ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கி, அதுமேல் கட்டினதுதான். ரெண்டையும் வரைஞ்சவர் ஒருத்தரே, இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. என் வண்டி தங்கச்சி வீட்டு அக்கா. வேகம் கிடையாது, ஜாடை உண்டு.

5/
நம்ம ஊருக்கும் இதுக்கும் ஒரு சொந்தம் இருக்கு. 1961 முதல் பத்து வருஷம் போல சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இதே காரை 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்று செஞ்சு வித்தது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டத்துல வயசானவங்களைக் கேளுங்க. "எங்க பெரியப்பா கிட்ட இருந்துச்சு" என்று யாராவது சொல்லுவாங்க.

6/
இந்தக் காரை ஏன் வீட்டிலயே பழுது பார்க்க முடியுது? அதுக்குக் காரணம் ஒரு வியாபாரச் சண்டை. ட்ரையம்ஃப் கம்பெனிக்கு உடல் தகடு செஞ்சு கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிடுச்சு. ஒரே துண்டா பாடி செய்ய வழியில்ல. அதனால பழைய பாணியில தனிச் சட்டகம், அதுமேல துண்டு துண்டா போல்ட் போட்டு முடுக்குற பாடி என்று வடிவமைச்சாங்க.

7/
அந்த இக்கட்டுதான் இன்னிக்கு எனக்கு வரம். முன்பக்கம் முழுசும், மட்கார்டு உட்பட, ஒரே மூடியா முன்னால கவிழும். முன் டயர் மேல உட்கார்ந்துகிட்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். எதையும் கழற்றலாம், கழற்றினதை மாட்டலாம். ரிப்பேர் பண்ணுறதுக்கு வாகா செஞ்ச பொருள். இந்த வார்த்தையைப் பிடிச்சு வச்சுக்குங்க, பின்னால வேலை இருக்கு.

8/
இப்ப முதல் கேள்வி. ஸ்டேட்டஸ்.
நம்ம மாவட்டத்துல படிப்புக்குக் குறைவில்ல. ஆனா படிப்பு என்றால் கையில அழுக்குப் படாம வாழுறது என்று ஒரு அர்த்தம் எப்படியோ வந்து சேர்ந்திருச்சு. "நல்லாப் படிக்கலன்னா ஒர்க்‌ஷாப்புலதான் போய் நிக்கணும்" என்று பிள்ளையை மிரட்டாத வீடு எத்தனை? அந்த மிரட்டல்ல ரெண்டு பேருக்கு அவமானம். படிக்காத பிள்ளைக்கும், ஒர்க்‌ஷாப்புல நிக்கிற மனுஷனுக்கும்.

9/
இதுல சாதி இல்ல என்று யாரும் என்கிட்ட சொல்லாதீங்க. இரும்பு, மரம், தோல், சலவை, முடி, கயிறு என்று எந்த வேலையைக் கை தொட்டுச் செய்ததோ, அந்தக் கையை நாம திண்ணைக்கு வெளியிலதான் நிறுத்தினோம். இன்னிக்கு அதே புத்தி வெள்ளைச் சட்டை போட்டுகிட்டு "ஸ்டேட்டஸ்" என்கிற பேர்ல வருது. அவ்வளவுதான்.

10/
வேடிக்கை என்ன தெரியுமா? என் தொழிலே கைத்தொழில். வயித்தைத் திறக்கிறதும், எலும்புக்கு ஸ்க்ரூ போடுறதும், குழந்தையோட மெல்லிசான நரம்புல ஊசி ஏத்துறதும் எல்லாம் விரல் வேலை. எலும்பு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வந்து பாருங்க. சுத்தியல், ரம்பம், டிரில், திருப்புளி. ஒர்க்‌ஷாப்புக்கும் எங்களுக்கும் வித்தியாசம், எங்க சாமான்களை நீராவியில வேக வைப்போம்.

11/
லண்டன் இம்பீரியல் கல்லூரியில அறுவை சிகிச்சைக் கல்விப் பேராசிரியர் ரோஜர் நீபோன் 2018-லேயே வெளிப்படையா சொன்னார்: மாணவர்கள் மார்க்குல குறையில்லாம வர்றாங்க, ஆனா வெட்டவும் தைக்கவும் கை பழகல. திரையைத் தேய்ச்ச விரல், பொருளைத் தொட்டுப் பழகல. அங்கேயே அப்படி. 11-ம் வகுப்புலேயே நீட் கோச்சிங்ல அடைச்சு, ஒரு பல்பு கூட மாத்தவிடாம வளர்க்கிற நம்ம பிள்ளைங்க கதையை யோசிச்சுப் பாருங்க.

12/
நெய்யூர் ஆஸ்பத்திரி நமக்கெல்லாம் தெரியும். அங்க பல வருஷம் அறுவை சிகிச்சை செஞ்சவர் டாக்டர் சோமர்வெல். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். 24-ல் மேல ஏறினப்ப, பனியில வெந்துபோன தொண்டைச் சவ்வு உரிஞ்சு மூச்சுக்குழாயை அடைச்சிருச்சு. மூச்சில்ல. பக்கத்துல உதவிக்கு ஆளில்ல. ரெண்டு கையாலயும் தன் நெஞ்சைத் தானே அமுக்கி, இருமி, அதைத் துப்பிட்டு இறங்கினார். தன்னைத் தானே ரிப்பேர் பண்ணின டாக்டர் நம்ம நெய்யூர்ல வேலை பார்த்திருக்காரு மக்கா. எனக்கு ஸ்டேட்டஸ் சொல்லித் தராதீங்க.

13/
ரெண்டாவது கேள்வி. மெக்கானிக் வயித்துல அடிக்கிறேனா?
இதை அலட்சியமா தள்ள மாட்டேன். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு கதை சொல்றேன்.

14/
வண்டி வாங்கின புதுசுல ஒரு ஒர்க்‌ஷாப்புல விட்டேன். பேர் வேண்டாம். "சார், எல்லாம் பார்த்துட்டோம், முழுசா கிரீஸ் அடிச்சாச்சு" என்றாங்க. பில் கொடுத்தேன். சில மாசம் கழிச்சு, வீட்டு கேட்டுக்குள்ள திருப்பினப்ப 'டக்' என்று ஒரு சத்தம். முன் சக்கரம் அடியில மடங்கிப் படுத்திருச்சு. நடந்துபோற வேகம்தான். அதே சக்கரம் அரைமணி நேரம் முன்னால ஆரல்வாய்மொழிக் காற்றுல, கூரையை மடக்கி வச்சு, பின்சீட்டுல பிள்ளைங்களோட நான் ஓட்டின சக்கரம்.

15/
காரணம் என்ன? ஹெரால்டுல முன் சக்கரத்தைத் தாங்குற எஃகுத் தண்டு, கீழே ஒரு வெண்கலக் கூட்டுக்குள்ள மரை போட்டு உட்கார்ந்திருக்கும். பேரு ட்ரன்னியன். ஸ்டீயரிங் திருப்புறப்பெல்லாம் அந்த மரை திரும்பும். அதுக்குக் கிரீஸ் போடக்கூடாது. கியர் ஆயில், இ.பி. 90, அதான் போடணும். கிரீஸ் மரைக்குள்ள முழுசா இறங்காது, தண்ணி இறங்கும். எஃகு துருப்பிடிச்சு, ஒருநாள் ஒடியும். கம்பெனிக் கையேட்டுல தெளிவா எழுதியிருக்கு.

16/
அந்த ஒர்க்‌ஷாப் பையன் கெட்டவனில்ல. கிரீஸ் நிப்பிள் பார்த்தா கிரீஸ் அடி என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நாளுக்குப் பத்து வண்டி. கையேடு படிக்க அவனுக்கு யாரும் சம்பளம் கொடுக்கல. என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு வண்டி. படிக்க எனக்கு நேரம் இருந்துச்சு. நான் படிக்கல. தப்பு பாதி என்னோடது.

17/
அப்புறம்தான் ஒரு ஆசானைக் கண்டுபிடிச்சேன். எழுபது தாண்டினவர், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஓடின காலத்துலேயே கை வச்சவர். உடைஞ்ச தண்டைப் பார்த்துட்டு, "சாரே, வண்டிக்கு எண்ணெ கொடுக்காம களிம்பு தடவியிருக்காவ" என்றார். எங்க படிப்புல ஒரு பாடமே அந்த ஒரு வரியில இருக்கு. உள்ளே போக வேண்டிய மருந்தை வெளியே தடவினா நோய் நிக்காது.

18/
அவர்கிட்ட இப்பவும் போறேன். பெரிய வேலை எல்லாம் அவர்தான். கேட்ட கூலி, பேரம் கிடையாது. ஆனா இப்ப நான் போறப்ப "என்னமோ சத்தம் வருது" என்று சொல்லமாட்டேன். "இடதுபக்கம், வளைவுல மட்டும், சூடானப்புறம்" என்பேன். நல்லா நோய்க்குறி சொல்லத் தெரிஞ்ச நோயாளி டாக்டருக்கு எவ்வளவு உதவி! அதேதான். சின்ன வேலை தெரிஞ்சவனுக்குத்தான் பெரிய வேலைக்காரனோட மதிப்பு தெரியும். பிளக் கேப் சரிபண்ண நான் முக்கால் மணிநேரம் வேர்த்தப்புறம்தான் அவர் கூலி எவ்வளவு குறைச்சல் என்று புரிஞ்சது.

19/
மெக்கானிக் வயித்துல அடிக்கிறது யார் என்று நிஜமாவே தெரியணுமா?
2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. எதுக்கு? அசல் உதிரிபாகங்களையும், பழுது கண்டுபிடிக்கிற கருவிகளையும், கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாம வச்சிருந்ததுக்கு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. ஆனா ஆணையம் எழுதின விஷயம் நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்புல எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்சதுதான்.

20/
2022 ஜூலையில ஒன்றிய அரசோட நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்குக் குழு போட்டுச்சு. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வாகனம் என்று நாலு துறை. அதே டிசம்பர்ல இணையதளமும் வந்துச்சு. நல்ல தொடக்கம். ஆனா இணையதளம் மட்டும் போதாது. வாங்கினவன் திறக்கக்கூடாது, தெருமுனை மெக்கானிக் தொடக்கூடாது என்று பொருளைச் செய்யுறவனை நிறுத்துற சட்டம் வேணும்.

21/
என்னை விடுங்க, நான் ஞாயிற்றுக்கிழமை லுங்கி கட்டின பொழுதுபோக்கு ஆள். பூட்டுப் போட்ட கம்ப்யூட்டர், ஒட்டவச்ச பேட்டரி, விற்கவே விற்காத உதிரிபாகம், இதெல்லாம்தான் ஆசானோட பேரனுக்கு ஒர்க்‌ஷாப் இல்லாம ஆக்குது. 60 வருஷம் முன்னால செஞ்ச ஒரு வண்டியை நாலு ஸ்பேனர்ல திறக்க முடியுது. போன வருஷம் வாங்கின மிக்ஸியைத் திறக்க அதுக்கென்று தனி ஸ்க்ரூ தலை வேணும். கோவப்படுறதுன்னா அங்க போய்க் கோவப்படுங்க.

22/
இப்ப மூணாவது. யூடியூப்.
கேட்டவருக்கு நன்றி. கையைக் கட்டிக்கிட்டு ஒத்துக்கிறேன்: இது வலிக்கிற கேள்வி. 2018 ஜூலையில திருப்பூர்ல யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தாங்க. குழந்தை பிறந்துச்சு, தாய் ரத்தப்போக்குல இறந்துட்டாங்க. அப்ப எழுதின டாக்டர்கள்ல நானும் ஒருத்தன். கோவமா எழுதினேன். இன்னிக்கும் அதுல ஒரு வார்த்தையை மாத்தமாட்டேன்.

23/
அப்ப நான் செய்யுறது மட்டும் எப்படிச் சரி?
"நான் படிச்சவன்" என்பது பதிலில்ல. என் படிப்பு மனுஷ உடம்புல. காருக்கு முன்னால நானும் படிக்காதவன்தான். வேற பதில் வேணும்.

24/
1971. வங்கதேசப் போர். எல்லைப் பக்கம் பொங்காவ் அகதி முகாம்ல காலரா. நரம்புல ஏத்துற சலைன் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்ன பண்ணினார்? உப்பு, சர்க்கரை, சோடா கலந்த தண்ணியை டிரம்ல கரைச்சு, நோயாளியோட சொந்தக்காரங்க கையிலயே குவளையைக் கொடுத்தார். முப்பது சதவீதம் வரை போன சாவு, நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்குச்சு. படிக்காதவங்க கையில வைத்தியத்தைக் கொடுக்கிறதா என்று முகம் சுளிச்ச மருத்துவ உலகம், அப்புறம் அதையே உலகம் பூரா கொண்டுபோச்சு.

25/
ஆக, "வீட்டில் எதையும் செய்யாதே" என்பதும் மருத்துவமில்ல. "எல்லாத்தையும் வீட்டிலேயே செய்" என்பதும் மருத்துவமில்ல. ஓ.ஆர்.எஸ். வீட்டிலதான் கரைக்கணும். பிரசவம் ஆஸ்பத்திரியிலதான் பார்க்கணும். ரெண்டையும் பிரிக்கிற கோடு எது? நான் மூணு கேள்வி வச்சிருக்கேன். காருக்கும் அதேதான், காய்ச்சலுக்கும் அதேதான்.

26/
ஒண்ணு: நான் தப்பு பண்ணினா அடி யாருக்கு? வண்டி ஸ்டார்ட் ஆகாம நின்னா எனக்கு எரிச்சல், அவ்வளவுதான். பிரேக் பிடிக்காம போனா, ரோட்டுல போற யாரோட பிள்ளைக்கோ.
ரெண்டு: செஞ்சதைத் திருப்பிப் பழையபடி வைக்க முடியுமா?
மூணு: எந்த இடத்துல நிறுத்திட்டு ஆள் கூப்பிடணும் என்று, தொடங்குறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியுமா?
மூணாவதுக்குப் பதில் இல்லன்னா ஸ்பேனரைக் கீழே வைங்க. மாத்திரையையும்தான்.

27/
அந்தக் கணக்குல நான் வீட்டில் செய்யுறவை: ட்ரன்னியனுக்கு ஆயில். பிளக் துடைச்சு இடைவெளி பார்க்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டை உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு, ஃபீலர் கேஜ் வச்சு 15 தவ், அதாவது 0.4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, வைக்கிறது. ஃபேன் பெல்ட். ஹோஸ் கிளிப். பல்பு, பியூஸ். கதவுக்கு அடியில இருக்கிற வடிகால் ஓட்டையில அடைச்ச இலையைக் குத்தி எடுக்கிறது. நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, கூடவே கடல் உப்புக்காத்து. இந்தக் கடைசி வேலை ரெண்டு நிமிஷம்தான், அதைச் செய்யாததாலதான் முக்கால்வாசி பழைய கார் நம்ம ஊர்ல துருப்பிடிச்சுச் சாகுது.

28/
செய்யாதவை: பிரேக். ஸ்டீயரிங். பின்பக்கம் குறுக்கே கிடக்கிற பட்டை ஸ்பிரிங், அது இழுவையில இருக்கு, தப்பா கழற்றினா ஆளைத் தூக்கி அடிக்கும். பெட்ரோல் கசிவு. வெல்டிங். இதெல்லாம் ஆசான் கையில. நான் டார்ச் பிடிப்பேன்.
இன்னொண்ணு. "எங்க கூரை வச்ச ஹெரால்ட் இருக்கு, மேல அறுத்துட்டா உங்க கார் மாதிரி ஆகுமா டாக்டர்?" என்று ரெண்டு தம்பிங்க கேட்டிருக்காங்க. ஆகாது. கம்பெனி செஞ்ச வடிவத்தை மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுல குத்தம். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியா சொல்லிடுச்சு. அறுக்கிறது ரிப்பேர் இல்ல.

29/
யூடியூப் பத்தி ஒரு விஷயம். பேட்டரி கழற்ற எல்லா வீடியோவும் "மைனஸை முதல்ல எடு" என்று சொல்லும். இன்னிக்கு ஓடுற கார்களுக்குச் சரி. ஆனா என் வண்டியில பிளஸ்தான் பாடியோட சேர்ந்திருக்கு. வீடியோ சொன்னபடியே செஞ்சா, ஸ்பேனர் பாடியில தட்டி நெருப்புப் பறக்கும். உண்மையான விதி, "பாடியோட சேர்ந்த கம்பியை முதல்ல எடு." காரணம் தெரிஞ்சவனுக்கு வீடியோ உதவும். காரணம் தெரியாம கை அசைவை மட்டும் காப்பி அடிக்கிறவனுக்கு அதே வீடியோ எமன். நான் யூடியூப் வைத்தியத்தை எதிர்க்கிறதுக்குக் காரணமும் இதுதான்.

30/
இப்ப நம்ம டிபார்ட்மென்ட். வீட்டில் வண்டி வேலை செய்யுறவங்க இதை சேமிச்சு வச்சுக்குங்க.
🔴 ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான், தாங்குறதுக்கு இல்ல. அடியில போறதுக்கு முன்னால ஆக்சில் ஸ்டாண்ட், சமதரைக் காங்கிரீட். 
🔴 வாயால பெட்ரோல் உறிஞ்சாதீங்க. வயித்துல போறதைவிட மோசம், நுரையீரலுக்குள்ள ஒரு துளி இறங்குறது. யாராவது விழுங்கிட்டா உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, மறுபடியும் நுரையீரலுக்குத்தான் போகும். நேரா ஆஸ்பத்திரி.

31/
🔴 மூடின ஷெட்டுல எஞ்சினை ஓட விடாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்ல, வாசனையில்ல. தலைவலி, மயக்கம், முடிஞ்சது. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் அப்பவும் 98 காட்டும், அதுக்கு ரெண்டு வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த நம்பரை நம்பி உட்காராதீங்க.
🔴 பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். வாயால ஊதாதீங்க, ஏர் அடிக்காதீங்க. ஈரத்துணி.
🔴 சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. முகம் வெந்து வர்றவங்களை நான் பார்த்திருக்கேன்.

32/
🔴 மோதிரம், மெட்டல் வாட்ச், கழுத்துச் செயின் கழற்றிட்டு பேட்டரிகிட்ட போங்க. 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனா மோதிரம் ரெண்டு முனைக்கும் நடுவில மாட்டினா, நொடியில பழுத்த இரும்பு. கல்யாண மோதிரம் என்று கழற்றாம இருக்காதீங்க, விரல் இருந்தாத்தான் மோதிரம்.
🔴 கிரீஸ் கன் முனை விரல்ல குத்திருச்சா? சின்னப் புள்ளிதான் தெரியும், வலி கூட முதல்ல இருக்காது. உள்ளே அழுத்தத்துல கிரீஸ் விரல் நீளத்துக்கும் ஓடியிருக்கும். அன்னிக்கே அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்க்கணும். காலையில பார்க்கலாம் என்று விட்டு விரலை இழந்தவங்க உண்டு.

33/
ரொம்ப யோக்கியன் மாதிரி பேசுறேனா? அப்ப என் லட்சணத்தையும் கேளுங்க.
துணிக் கூரையில ஒரு ஜாண் கிழிசல். நான் தைக்கத் தெரிஞ்ச ஆளாச்சே! வளைஞ்ச ஊசி, தடிச்ச நூல், அழகா மெத்தைத் தையல் போட்டேன். வீட்டில எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் மழையில, தையல் போட்ட ஒவ்வொரு ஓட்டையிலயும் சொட்டு சொட்டா ஒழுகுச்சு. தோல் தானா ஒட்டிக்கும், கேன்வாஸ் ஒட்டாது. பஸ் சீட் தைக்கிற அண்ணாச்சி சிரிச்சுட்டு, நூல்ல தேன்மெழுகு தேய்ச்சு, உள்பக்கம் ஒரு ஒட்டுத்துணி வச்சுத் தைச்சுக் கொடுத்தார். இருபது வருஷமா நான் போட்ட தையல்ல பாதிப் பெருமை உடம்போடதுதான் என்று அன்னிக்குத்தான் புரிஞ்சது.

34/
இன்னொண்ணு சிரிக்கிற கதையில்ல.
ஆரம்பத்துல எனக்கு ஸ்டாண்ட் எல்லாம் கிடையாது. வீடு கட்டி மிச்சமான ஹாலோ பிளாக் ரெண்டு இருந்துச்சு, அதுமேல வண்டியை இறக்கி அடியில போயிட்டேன். தற்செயலா ஆசான் வந்தார். சத்தம் போடல. "சாரே, பைய வெளிய வாங்க" என்றார். வந்தேன். ஓரமா கிடந்த இன்னொரு பிளாக்கை எடுத்து வச்சு, சுத்தியலால லேசா ஒரு தட்டு. பொலபொலன்னு உதிர்ந்துச்சு. வளையல, விரிசல் விடல, எச்சரிக்கையே கொடுக்கல. ஒரே நொடி.

35/
"இரும்புன்னா வளைஞ்சு சொல்லும். இது சொல்லாது" என்றார்.
நான் படமா போட்ட அந்தக் காலு ரெண்டும் இன்னிக்கு நடக்குதுன்னா, அது அவர் போட்ட பிச்சை. அவருக்கு மேல்சட்டையில பட்டம் கிடையாது. அவர் ஒர்க்‌ஷாப்புல நிக்கிறதைத்தான் நீங்க உங்க பிள்ளைக்குத் தண்டனையா சொல்றீங்க.

36/
அதனால என் வேண்டுகோள் சின்னது.
வர்ற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூப்பிட்டு, ஆணோ பெண்ணோ, வீட்டில ஒரு பொருளைப் பழுது பாருங்க. சைக்கிள் பஞ்சர், குழாய் வாஷர், மின்விசிறி ரெகுலேட்டரை ஆள் வந்து மாத்தும்போது பக்கத்துல நின்னு பார்க்கிறது, எதுவானாலும் சரி. முன்னால அந்த மூணு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்க. முடியலன்னா தெரிஞ்சவரைக் கூப்பிடுங்க, மரியாதையா உட்கார வச்சு டீ கொடுங்க, கூலியில பேரம் பேசாதீங்க, அவர் செய்யுறதைப் பிள்ளை பார்க்கட்டும்.

37/
அந்தப் பிள்ளை டாக்டரானா, அது கை பழகின டாக்டரா இருக்கும். மெக்கானிக்கானா, எனக்கு நம்பர் கொடுங்க. ஆசானுக்கு வயசாயிட்டே போகுது, எனக்கு ஆள் தேவைப்படும்.

38/
ஸ்டேட்டஸ் பத்திக் கவலைப்பட்டவருக்கு: நகத்துல கிரீஸ் மண்ணெண்ணெய் இல்லாமலே போயிடும். தேங்காயெண்ணெய் தடவி, கொஞ்சம் சீனி போட்டுத் தேய்ச்சு, சோப்பு போடுங்க. திங்கட்கிழமை காலை ஓ.பி.க்கு நான் அப்படித்தான் போறேன்.
பிடிச்சிருந்தா பகிருங்க. ஜாக்கி பத்தின 30-ம் பதிவை மட்டுமாவது பகிருங்க. 🙏